கேம்பர் டிரெய்லரோடு தனி ஆளாகக் கச்சேரிப் பயணம்: அமெரிக்கச் சாலைகளுக்கு ஒரு கையேடு

அமெரிக்காவில் கிட்டாரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவருக்குக் கைக்காசை அதிகம் கரைப்பவை பெட்ரோலும் விடுதி அறையும். சின்ன கேம்பர் டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு போனால் பெட்ரோல் செலவு கூடும், விடுதிச் செலவு வெகுவாகக் குறையும். ஒவ்வொரு இரவும் பழகிய படுக்கையில் தூங்கலாம், சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடலாம். தொண்டையை நம்பிப் பிழைப்பவருக்கு இந்த இரண்டும் பெரிய விஷயம்.

புதிதாக இறங்குகிறவர்கள் பலர் டிரெய்லரைச் சாமான் வண்டியாக நினைத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர், இசைத்தட்டுப் பெட்டி, கிட்டார் என்று எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றிவிட்டால், ஒவ்வொரு கச்சேரிக்கும் காரும் டிரெய்லருமாக முப்பத்தைந்து அடி நீள வண்டியை நகரத்து நடுத்தெருவுக்குள் நுழைக்க வேண்டிவரும். நிறுத்த இடம் கிடைக்காது. கிடைத்தாலும் ஒருபக்கம் பாடிக்கொண்டே மறுபக்கம் பூட்டை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே முதலிலேயே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்: தூங்கவும் சமைக்கவும் வேண்டியவை டிரெய்லரில், கச்சேரிக்கு வேண்டியவை மொத்தமும் காரில். டிரெய்லரை முகாமில் கழற்றி விட்டுவிட்டு, காரை மட்டும் எடுத்துப் போய் முழுக் கச்சேரியும் செய்துவிட்டுத் திரும்ப முடிய வேண்டும். எந்த டிரெய்லர் வாங்குவது, எந்த இரவு எங்கே தங்குவது என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

எடைக் கணக்கு

கார் விற்பவர் "3,500 பவுண்டு இழுக்கும்" என்பார். அந்த எண் ஏறக்குறையச் சாமானே இல்லாத காருக்கானது. உங்களுக்கு முதலில் வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். டிரெய்லரின் முன்முனை, காரின் பின்னால் அதை மாட்டும் இரும்புக் குமிழான ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதை டங் வெயிட் என்பார்கள். நிரம்பிய டிரெய்லரின் எடையில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒட்டுத்தாளில் 1,200 பவுண்டு. டிரெய்லர் சாமானோடு 2,400 பவுண்டு, டங் வெயிட் 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 290. ஓட்டுபவர் 170. ஸ்பீக்கர், ஸ்டாண்ட், மைக், இரண்டு கிட்டார் எல்லாம் சேர்ந்து 180. விற்பனைக்கான இசைத்தட்டு, டி-ஷர்ட் 120. ஹிட்ச் இரும்பு 40. மொத்தம் 800, இன்னும் 400 பவுண்டு மிச்சம். இதே காரில் 4,000 பவுண்டு டிரெய்லரை மாட்டினால் காரின் இழுக்கும் அளவே தாண்டிப்போகும். மலையேறும்போது கியர்பாக்ஸ் சூடேறுவதில்தான் அது முதலில் தெரியும்.

ஒற்றை ஆளுக்கு 13 முதல் 17 அடி வரை உள்ள ஃபைபர் கிளாஸ் டிரெய்லர்களே நம் பரிந்துரை. மினசோட்டாவில் தயாராகும் ஸ்காம்ப் 13 அடி மாடல் காலியாக 1,500 பவுண்டை ஒட்டி வரும். மேல் ஓடும் கீழ் ஓடுமாக இரண்டு துண்டுகளைச் சேர்த்து உருவாக்குவதால் கூரையில் தையல் இல்லை. மரச்சட்டத்தில் தகடு அடித்த டிரெய்லர்களில் மழைநீர் இறங்குவது பெரும்பாலும் கூரையின் ஓரத் தையல்கள் வழியாகத்தான். வருடம் முழுவதும் குலுங்கிக்கொண்டே ஓடும் வண்டிக்குத் தையல் குறைவாக இருப்பது நல்லது.

எடையை ஊகத்துக்கு விடாமல் நிறுத்தே பாருங்கள். நெடுஞ்சாலை லாரி நிலையங்களில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும், கட்டணம் இருபது டாலருக்குள். பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, முதலில் டிரெய்லரை மாட்டியபடி நிறுங்கள். பிறகு அதை நிறுத்துமிடத்தில் கழற்றிவிட்டுக் காரை மட்டும் நிறுங்கள். மாட்டியபோது காரின் அச்சுகளில் விழுந்த எடையிலிருந்து தனிக் காரின் எடையைக் கழித்தால் கிடைப்பது டங் வெயிட்.

அது 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டும். பின்பக்கம் கனத்துவிட்டால், பெரிய லாரி கடந்து போகும்போது வீசும் காற்றே டிரெய்லரை இடமும் வலமுமாக ஆட்டப் போதும். ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததைப் பெரிதாக்கும். அதனால் கனமான சாமான் எல்லாம் தரையோடு, அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்புற பம்பரில் சைக்கிளையோ ஜெனரேட்டரையோ தொங்கவிடாதீர்கள். தண்ணீரும் எடைதான்: ஒரு காலன் 8.3 பவுண்டு, 12 காலன் தொட்டி நிரம்பினால் 100 பவுண்டு. தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் காலியாகவே ஓட்டுங்கள்.

தனியாக மாட்டுவது, தனியாகக் கழற்றுவது

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் பார்ப்பார். தனியாள் தினமும் ஒரே வரிசையில் செய்வதுதான் பாதுகாப்பு. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், பேசி முடித்ததும் வரிசையின் தொடக்கத்திலிருந்து மறுபடி பாருங்கள். மறதி நுழைவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

1. டிரெய்லர் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். எல்லாம் முடியும்வரை எடுக்க வேண்டாம்.
2. காரை ரிவர்ஸில் கொண்டுவாருங்கள். பின்புறக் கேமராத் திரையில் ஹிட்ச் பந்து தெரியும் இடத்தில் சிறு கோடு போட்டு வைத்தால் இறங்கி ஏறும் வேலை குறையும்.
3. ஜாக்கியால் முன்முனையைப் பந்தின் மேல் இறக்குங்கள். முன்முனையில் பந்தைக் கவ்வும் கப்ளரின் தாழ்ப்பாள் விழுந்ததும் பூட்டு ஊசியைச் செருகுங்கள்.
4. இப்போது ஜாக்கியை மேல்நோக்கிச் சுழற்றுங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து இரண்டு அங்குலம் எழும்ப வேண்டும். எழும்பாமல் கப்ளர் மட்டும் மேலே வந்தால் அது பந்தைப் பிடிக்கவில்லை.
5. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் முன்முனை தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கின் மேல் விழும்.
6. பிரேக்அவே கம்பியைக் காரின் ஹிட்ச் சட்டத்தில் மாட்டுங்கள், சங்கிலியில் மாட்டக்கூடாது. டிரெய்லர் பிரிந்து ஓடினால் அந்தக் கம்பி இழுபட்டு டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.
7. ஏழு முனை மின்பிளக்கைச் செருகி, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் எரிகிறதா பாருங்கள். தனியாளுக்கு பிரேக் விளக்கைப் பார்க்க வழி: போனை டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்தி வீடியோ எடுக்கலாம், அல்லது இருட்டிய பின் சுவரில் விழும் சிவப்பைப் பார்க்கலாம்.
8. ஜாக்கியை முழுக்க ஏற்றி, கட்டைகளை எடுத்து, ஒரு சுற்று நடந்து வந்து கிளம்புங்கள்.

பந்தின் அளவு அதன் தலையிலேயே பொறித்திருக்கும். 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குலப் பந்திலும் மாட்டியது போலவே தோன்றும். முதல் பெரிய குழியில் எகிறிவிடும். பழைய ஹிட்சோடு வாங்கிய காரில் இதை மறக்காமல் சரிபாருங்கள்.

கழற்றும்போது சக்கரக் கட்டைதான் முதல் வேலை. இடம் வலம் சாய்வைச் சரிசெய்ய வேண்டுமானால், மாட்டியிருக்கும்போதே ஒரு சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றிவிட்டு, அதன் பிறகு கட்டை வையுங்கள். முன்பின் மட்டத்தை ஜாக்கி பார்த்துக்கொள்ளும். கட்டை வைக்காமல் கப்ளரைத் தூக்கினால் டிரெய்லர் பள்ளத்தைப் பார்த்து உருளும். கையால் நிறுத்த யாராலும் முடியாது.

ரிவர்ஸ் எடுக்க ஒரே ஒரு பழக்கம் போதும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும் திசையாகவே, அதாவது இடப்பக்கமாகவே, வளைத்து நுழையும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பின் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கூம்பு, இரவானால் தரையில் ஒரு டார்ச். சந்தேகம் வந்ததும் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். மூன்று முறை இறங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

சாலையில்

பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் எலக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லரையே வாங்குங்கள். டிரெய்லர் பிரேக்கை இயக்கக் காரில் பொருத்தும் பிரேக் கன்ட்ரோலரைக் காலியான மைதானத்தில் சரிசெய்யுங்கள். 25 மைல் வேகத்தில் போய், கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்தி, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும் அளவுக்குச் சற்றுக் கீழே அதை வையுங்கள்.

டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். கார் வேகம் குறைய, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளி, ஆட்டம் பெரிதாகும். ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், கன்ட்ரோலர் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். பின்னாலிருந்து இழுத்தால் டிரெய்லர் நேராகும். இது பதற்றத்தில் நினைவுக்கு வராது. ஓடாத வண்டியில் உட்கார்ந்து கை அந்தக் கைப்பிடிக்குத் தானாகப் போகும்வரை பழகிக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் டயரில் எஸ்.டி. (ஸ்பெஷல் டிரெய்லர்) என்ற எழுத்து இருக்கும். வேறு குறிப்பு இல்லாவிட்டால் அதன் உச்ச வேகம் 65 மைல். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துப் போகிறவருக்குச் சட்டப்படியே 55 மைல்தான். டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெடும். பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்து ஆண்டு தாண்டியதைப் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவுக்கு அடிப்பதே வழக்கம். காற்றுக் குறைந்த டயர் உள்ளே சூடாகி, அடுக்குப் பிரிந்து வெடிக்கும். வெடிக்கும்போது சக்கரத்தின் மேலுள்ள தரையையும் கிழித்துக்கொண்டு போகும்.

போன் காட்டும் பயண நேரத்தோடு கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். கச்சேரி இல்லாத நாளில் 300 மைல், கச்சேரி நாளில் 150 மைல். அதற்கு மேல் தனியாள் ஓட்டிவிட்டு மேடை ஏறினால் குரலில் தெரியும்.

போன் வரைபடத்துக்கு உங்கள் பின்னால் டிரெய்லர் இருப்பது தெரியாது. நியூயார்க்கைச் சுற்றியுள்ள பார்க்வே சாலைகளிலும், கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் டிரெய்லருக்கு அனுமதியில்லை. அங்கே கல்பாலங்களும் தாழ்வானவை. பால்டிமோரில் ஹார்பர் சுரங்கத்திலும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்திலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோப்பேன் (சமையல் கேஸ்) சிலிண்டரோடு போகக்கூடாது. கேம்பர்களில் இருப்பதோ பொதுவாக 20 பவுண்டு சிலிண்டர். முன்பு மாற்றுவழியாக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச் 26-ல் கப்பல் மோதி இடிந்துவிட்டதால், ஐ-695 வட்டச்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். கிழக்குக் கரையோரம் கச்சேரி அட்டவணை போடுகிறவர் அதற்கான நேரத்தையும் விடட்டும்.

வயோமிங்கில் ஐ-80 சாலை, லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, காற்றுக்குப் பேர்போனது. எடை குறைந்த, உயரமான வண்டிகளை மட்டும் தடுக்கும் உத்தரவு அங்கே அடிக்கடி வரும். காலியான கேம்பர் அந்த வகையில்தான் சேரும். அந்தப் பக்கம் போகும் வாரத்தில் கச்சேரிக்கு முந்தின நாளையும் காலியாக வையுங்கள். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீத வலுவை இழக்கும். அங்கே மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். லாரிகளோடு வலது தடத்திலேயே ஏறுங்கள். இறங்கும்போது முன்கூட்டியே கீழ் கியருக்கு மாறி, பிரேக்கை அழுத்தமாகச் சில நொடி பிடித்து முழுக்க விடுங்கள். தொடர்ந்து மெல்ல மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பு போகும்.

வாத்தியங்கள்

கிட்டாருக்கு இடம் காரின் உள்ளே, ஏசி படும் இடத்தில். டிரெய்லரில் ஓடும்போது ஏசியும் இல்லை, அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷனும் பேருக்குத்தான். இரவில் டிரெய்லருக்குள், உங்களோடு. நீங்கள் எங்கேயோ கிட்டாரும் அங்கே என்று வைத்துக்கொண்டால் வெப்பம், திருட்டு இரண்டுக்கும் சேர்த்து வழி கிடைத்துவிடும்.

வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில் மூடிய கார் ஒரு மணி நேரத்தில் 55-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் பிசின் இளகி, கிட்டாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் எழும்பும், இசைத்தட்டுகள் வளையும். காற்றின் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கிட்டார் தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு. அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் அது 15 சதவீதத்துக்கும் கீழே போகும். மரம் சுருங்கி, ஃபிரெட் நுனிகள் விரலைக் கீறத் தொடங்கினால் அதுதான் முதல் அறிகுறி. அடுத்தது மேற்பலகையில் பிளவு. பெட்டிக்குள் ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும் பொட்டலங்களும், போனில் படிக்கக்கூடிய சிறு ஈரமானியும் வையுங்கள். பனிக்காலத்தில் வெளியிலிருந்து அரங்குக்குள் கொண்டுவந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். அரை மணி, முக்கால் மணி மூடியே கிடக்கட்டும். சில்லிட்ட லாக்கர் பூச்சில் திடீரென்று சூடு பட்டால் மெல்லிய கோடுகோடாக வெடிக்கும்.

கர்நாடக இசைக் கலைஞர்களும் 1978 முதல் நடந்துவரும் கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனையை ஒட்டி இதே சாலைகளில் சுற்றுகிறார்கள். வீணை கொண்டு போகிறவர்களுக்கு வெயில் இன்னும் கொடியது. வீணையின் மெட்டுகள் (ஃபிரெட்கள்) நிற்பது தேன்மெழுகும் கரியும் கலந்த மெழுகின் மேல். கிட்டாரின் பிசின் இளகும் முன்பே அது இளகிவிடும், மெட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் சுருதி போயிற்று. மிருதங்கத் தோல் வறட்சியில் இறுகிச் சுருதி ஏறும், ஈரத்தில் தளர்ந்து இறங்கும். இரண்டையும் டிரெய்லரில் வைத்து ஓட்டவே வேண்டாம்.

வண்டிக் காப்பீடும் வீட்டுக் காப்பீடும் பொதுவாகத் தொழிலுக்குப் பயன்படும் வாத்தியத்துக்கு ஈடு தருவதில்லை. இசைக்கலைஞர்களுக்கென்று தனிக் காப்பீடு எடுங்கள். ஆளில்லாத வண்டியிலிருந்து திருடுபோனால் என்ன ஆகும் என்ற பிரிவைக் கையெழுத்திடும் முன் படியுங்கள். வரிசை எண், படம் எல்லாம் போனில் மட்டுமல்லாமல் வேறிடத்திலும் இருக்கட்டும்.

மின்சாரமும் கேஸும்

ஒரு நாள் செலவைக் கூட்டுங்கள்: 12 வோல்ட் குளிர்பெட்டி 400 வாட்-மணி, மின்விசிறி அல்லது ஹீட்டரின் காற்றாடி 150, லேப்டாப் 120, விளக்கும் போனும் 60. மொத்தம் 730. 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கும், வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை நாள் தாங்கும். 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் இந்தச் செலவை ஈடுகட்டும். டிசம்பரில் வடக்கே பாதிகூடத் தேறாது.

ஓடும்போதே சார்ஜ் ஆகும் என்று ஏழு முனை பிளக்கை நம்பாதீர்கள். அந்தக் கம்பி மெல்லியது, சில ஆம்பியர்தான் வந்து சேரும். காரின் பேட்டரியிலிருந்து தடித்த கம்பி, இருமுனையிலும் ஃபியூஸ், டிரெய்லரில் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். இப்படிச் செய்தால் மூன்று மணி ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி ஏறும். உறைநிலைக்குக் கீழே இந்த வகை பேட்டரியை சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். குளிர்நாட்டுப் பயணம் என்றால் சூடேற்றும் வசதி உள்ளதை வாங்குங்கள். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வகையாக இருக்கட்டும். மலிவான மாடிஃபைட் சைன் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையரை மாட்டினால் உறுமல் கேட்கும், டிரெய்லரில் பதிவு செய்யும் ஒவ்வொரு பாட்டிலும் அது இருக்கும்.

அடுப்பைக் குளிர்காயப் பற்றவைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் அலாரத்துக்கும் கேஸ் அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, காலாவதித் தேதி பின்புறம் இருக்கும். பழைய டிரெய்லர் வாங்கியதும் அவற்றைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பெட்ரோல் போடும் முன் சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

இரவு எங்கே, கச்சேரி நாளில் எங்கே

பயண நாளில் இலவச இடம், கச்சேரி நாளில் காசு கொடுத்த முகாம். இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு. வால்மார்ட் போன்ற கடைகளின் நிறுத்துமிடத்தில் மேலாளரைக் கேட்டுக்கொண்டு ஓர் இரவு தங்கலாம், ஆனால் அங்கே டிரெய்லரைக் கழற்றி விட்டுப் போவது முறையல்ல. மேற்கு மாநிலங்களில் நில மேலாண்மைத் துறை நிலங்களில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம், ஆனால் ஆளில்லாத டிரெய்லரைப் பார்த்துக்கொள்ள அங்கே யாருமில்லை. கச்சேரிக்குப் போக நான்கைந்து மணி நேரம் விட்டுப் பிரிய வேண்டிய நாளில், வாசலும் காவலும் உள்ள இடம் தேவை. கப்ளருக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு கவ்வி, இரண்டும் போடுங்கள்.

மாநிலப் பூங்கா முகாம்களில் ஒரு பொறி இருக்கிறது. பல பூங்காக்களின் வாசல் இரவு பத்து மணிக்கு மூடும். கச்சேரி முடித்து, கணக்குப் பார்த்து, நீங்கள் திரும்புவதோ நள்ளிரவில். முன்பதிவு செய்யும்போதே வாசலைத் திறக்கும் ரகசிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள், தராத இடத்தில் பதிவு செய்யாதீர்கள். பத்து மணிக்கு மேல் அமைதி நேரம் என்பதால் வாசலுக்கு அருகிலுள்ள ஓர இடத்தைக் கேளுங்கள். ஜன்னல் திரை, படுக்கை, தண்ணீர் எல்லாம் கிளம்பும் முன்பே தயாராக இருக்கட்டும்.

அரங்கத்தாருக்கு ஒரு வாரம் முன்பே எழுதுங்கள்: சாமான் இறக்கும் வாசல் எது, எத்தனை மணிக்கு, சவுண்ட் செக் எப்போது, கார் நிறுத்துமிடம் எது. டிரெய்லரை அங்கேயே நிறுத்தச் சொன்னால் மொத்த நீளத்தை அடியில் சொல்லி, ரிவர்ஸ் எடுக்காமல் வெளியே வர முடியுமா என்று கேளுங்கள். "இடம் இருக்கிறது" என்று சொல்பவர் மனதில் நினைப்பது ஒரு காரைத்தான்.

டிரெய்லரும் கச்சேரியும் ஒரே இடத்தில் சேரும் நல்ல சந்தர்ப்பங்களும் உண்டு. டெக்சாஸின் கெர்வில் நாட்டுப்புற இசை விழாவும், கன்சாஸ் வின்ஃபீல்டின் வால்நட் வேலி விழாவும் 1972-ல் தொடங்கியவை. இரண்டிலும் மேடைக்குச் சமமாக முகாம் மைதானம் முக்கியம். இரவெல்லாம் கூடாரத்துக்குக் கூடாரம் வட்டம் போட்டு வாசிப்பார்கள். தனிக் கலைஞருக்கு அடுத்த வருடக் கச்சேரிகள் கிடைப்பது பலமுறை அந்த வட்டங்களில்தான். அங்கே முன்கூட்டியே போய், டிரெய்லரை நிறுத்தி, ஒரு வாரம் தங்குங்கள்.

விற்பனைப் பெட்டியும் எல்லையும்

அட்டையோடு 25 இசைத்தட்டு 6 கிலோவை ஒட்டி வரும். நான்கு பெட்டி ஏற்றுவதற்குப் பதில் ஒன்றை மட்டும் காரில் வைத்து, மிச்சத்தைப் பயணவழியில் உள்ள நண்பர் வீடுகளுக்குத் தபாலில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஓரிகன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் மாநிலங்களில் விற்பனை வரி இல்லை. மற்ற பெரும்பாலான இடங்களில் ஒரு நாள் விற்றாலும் வரி கட்ட வேண்டும், தற்காலிக அனுமதி எடுக்க வேண்டியிருக்கும். மைல் கணக்கைத் தினமும் எழுதுங்கள். 2025-ல் தொழில் பயணத்துக்கு வருமான வரித் துறை அனுமதித்த கழிவு மைலுக்கு 70 சென்ட். அதை எடுத்தால் பெட்ரோல் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது.

கனடாவுக்குள் போகிறவர்கள் வாத்தியத்தின் மரத்தைத் தெரிந்து வைத்திருங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் கடும் கட்டுப்பாட்டில் உள்ளது, அனுமதிச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 இறுதியில் விலக்குக் கிடைத்தது. தந்தம் பதித்த பழைய வீணையை இந்தப் பயணத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

பேரிங்கும் உதிரிச் சாமானும்

டிரெய்லர் சக்கர பேரிங்குக்கு வருடம் ஒருமுறை, அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது கிரீஸ் மாற்ற வேண்டும். விடுமுறைக்கு மட்டும் இழுப்பவருக்கு வருடக் கணக்கு போதும். கச்சேரிப் பயணத்தில் ஆறு மாதத்திலேயே 12,000 வந்துவிடலாம், ஆகவே மைலைப் பாருங்கள். வெளியிலிருந்து கிரீஸ் துப்பாக்கியால் அழுத்திப் பிதுக்கினால் பின்பக்க சீல் வழியாக வழிந்து பிரேக் கட்டையை நனைத்துவிடும், பிரேக் பிடிக்காது. கழற்றித் துடைத்துப் புதிதாக நிரப்புவதே சரி.

பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் நான்கு வேலை: டயரைப் பாருங்கள், சங்கிலியைப் பாருங்கள், கப்ளர் ஊசியைப் பாருங்கள், சக்கர நடுவில் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 மைலில் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் மறுபடி இறுக்குங்கள். அரை அங்குல போல்ட் என்றால் 90 முதல் 120 அடி-பவுண்டு, சரியான எண் டிரெய்லர் கையேட்டில் இருக்கும்.

காரில் எப்போதும் இருக்க வேண்டியவை: டிரெய்லருக்கான ஸ்டெப்னி, அதன் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், டிரெய்லரைத் தூக்கும் ஜாக்கி, ஃபியூஸ்கள், கப்ளருக்கு உபரி ஊசி, ஒரு பக்கத்துக்கான பேரிங் செட்டும் சீலும். கார் ஸ்பானர் டிரெய்லர் நட்டுக்குப் பல சமயம் பொருந்தாது, வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சாலை உதவித் திட்டங்கள் பலவற்றில் அடிப்படை உறுப்பினர் அட்டை காரை மட்டுமே சேர்க்கும், டிரெய்லருக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். பேரிங் செட்டைக் கிரீஸ் நிரப்பியே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, கடை மூடிய சிற்றூரில் மெக்கானிக் கிடைத்தாலும், உங்கள் அச்சுக்குப் பொருந்தும் பேரிங் அவரிடம் இருக்காது.